மரணசாதனம் எழுத முதல் கிணற்றைப் பாருங்கள்

யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில், காணிப் பத்திரங்களான உறுதிகளை எழுதி முடிக்கிற நொத்தாரிசு ஒருவரின் அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மரணசாதனம், அதாவது உயில், எழுத வருகிறவர்களிடம் யாருக்கு என்ன கொடுக்கப் போகிறீர்கள் என்று முதலில் கேட்கமாட்டேன். "உறுதியள் எல்லாம் கொண்டுவந்தனீங்களோ?" என்றுதான் கேட்பேன்.

பெட்டகத்தில் இருக்கிற உறுதிகளை எல்லாம் எடுத்து, ஒவ்வொரு காணியும் எப்படி வந்தது என்று ஒரு தாளில் எழுதுங்கள். தாய் தகப்பன் வழி வந்த முதுசொமா, சீதனமா, கலியாணத்துக்குப் பிறகு தேடிய தேடியதேட்டமா? யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை எங்களுக்குப் பொருந்துவதால் இது முக்கியம். தேடியதேட்டத்தில் துணைக்கும் உரித்து உண்டு. அதை அப்பா தனியாக முழுவதும் மூத்தவனுக்கு என்று எழுதினால் பிள்ளைகள் கோட்டில் வழக்குப் பேசிக்கொண்டுதான் நிற்பார்கள்.

அம்மாமாருக்கு ஒன்று சொல்லவேண்டும். உங்கள் சீதனக் காணியை விற்கவோ நன்கொடையாக எழுதவோ கணவரின் எழுத்துச் சம்மதம் தேவை. ஆனால் 1911ஆம் ஆண்டுச் சட்டப்படி, மரணசாதனத்துக்கு அந்தச் சம்மதம் தேவையில்லை. இது தெரியாமல் விருப்பத்தை மனதுக்குள்ளேயே வைத்துக்கொண்டு போய்விட்டவர்கள் எத்தனையோ பேர்.

அடுத்தது கிணறு. காணியை மூன்று பிள்ளைகளுக்கும் சமமாகப் பிரித்து எழுதிவிடுவார்கள். கிணறு முன்துண்டில் நிற்கும், பின்துண்டுக்காரிக்கு ஒரு சொல்லும் இருக்காது. பெற்றோர் இருக்கும்வரை எல்லோரும் அள்ளுவார்கள். பிறகு ஒருநாள் வேலி வரும். ஆகவே கிணற்றில் யாருக்கு எத்தனை பங்கு, வாய்க்கால் எந்த எல்லையோடு போகிறது, ஒழுங்கை எத்தனை அடி அகலம், அதனால் லான்ட்மாஸ்ரர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) போய்வருமா என்பதெல்லாம் எழுத்தில் வரவேண்டும். முதலில் நில அளவையாளரைக் கூப்பிட்டு வரைபடம் போடுவித்து, துண்டு இலக்கத்தைச் சொல்லி எழுதுங்கள். அந்தச் செலவுக்குத் தயங்கவேண்டாம்.

மரணசாதனத்தை நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சிகளோடு முடிக்கலாம். நொத்தாரிசு இல்லாமல் என்றால் குறைந்தது ஐந்து சாட்சிகள், ஒரே நேரத்தில் கூடியிருந்து கையொப்பம் வைக்கவேண்டும். நான் நொத்தாரிசைத்தான் சொல்வேன். ஐந்து பேரில் மூன்று பேர் கனடாவுக்குப் போன பிறகு அவர்களைத் தேடுவது லேசான வேலை இல்லை. சொத்துப் பெறப்போகிற பிள்ளையையோ மருமகனையோ சாட்சியாக வைக்காதீர்கள். எழுதிய பிறகு மறுமணம் செய்தால் பழைய சாதனம் செல்லாது, புதிதாக எழுதவேண்டும்.

சாதனத்தில் எழுதியபடி செய்து முடிக்கும் நிறைவேற்றுநராக ஊரில் இருக்கிற ஒருவரைப் போடுங்கள். மூலப் பிரதி எங்கே இருக்கிறது என்பதை அவருக்குச் சொல்லிவையுங்கள்.

உயிரோடு இருக்கும்போதே நன்கொடை உறுதி முடித்துவிடலாம் என்று பிள்ளைகள் சொன்னால், சீவிய உரித்தை, அதாவது சாகும்வரை அனுபவிக்கும் உரிமையை, உங்களுக்கு வைத்துக்கொண்டு மட்டும் எழுதுங்கள். குடியிருக்கிற வீட்டை அப்படி வைக்காமல் கொடுப்பதை நான் ஒருநாளும் ஆதரிக்கமாட்டேன்.

இறப்புக்குப் பிறகு, சாதனத்தை வைத்திருப்பவர் அதை மாவட்ட நீதிமன்றத்தில் ஒப்படைக்கவேண்டும். நிறைவேற்றுநர் மரணச் சான்றிதழ், சத்தியக் கடதாசி (சத்தியம் செய்து எழுதிய கூற்று), சொத்துப் பட்டியலோடு, சாதனத்தை நீதிமன்றம் ஏற்று உறுதிசெய்யும் புறோபேற்றுக்கு விண்ணப்பிப்பார். லண்டனில் இருக்கிற மகன் தகப்பன் தந்த அற்றோர்ணித் தத்துவம் (அவருக்காகச் செயற்படும் அதிகாரப் பத்திரம்) இருக்கிறதே என்று காணி விற்க வருவதுண்டு. தகப்பன் கண்மூடிய நிமிடமே அந்தத் தத்துவம் முடிந்துவிட்டது.

அப்புறம், பெயரைப் பாருங்கள். உறுதியில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் வேறு எழுத்து, பிறப்புச் சான்றிதழில் இன்னொன்று என்று இருக்கும். இரண்டு பெயரும் ஒருவரே என்று உரியவரே சத்தியக் கடதாசி முடித்து உறுதிகளோடு சேர்த்து வைத்தால், பிறகு பிள்ளைகள் அதற்காக அலையவேண்டி இருக்காது.