அரிக்கமேட்டில் ஜியோகேஷிங்: கேள்வி மேட்டில், டப்பா வெளியே

ஒருவர் ஒளித்து வைத்த டப்பாவை, அவர் இணையத்தில் தரும் ஜிபிஎஸ் எண்களைக் கொண்டு மற்றவர்கள் தேடிக் கண்டுபிடிக்கும் விளையாட்டுதான் ஜியோகேஷிங். 2000 மே 3 அன்று அமெரிக்காவின் ஓரிகனில் டேவ் உல்மர் வைத்த முதல் பெட்டி, மண்ணில் பாதி புதைந்த ஒரு வாளி. இன்றைய விதிப்படி, நிலத்துக்காரரின் வெளிப்படையான அனுமதி இல்லாமல் குழி தோண்டக் கூடாது. புதுச்சேரி அருகே, பழங்காலத் துறைமுகம் இருந்த அரிக்கமேட்டிலோ ஒரு சாண் தோண்டினாலும் பாவம். 1945-இல் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் அகழ்ந்து ரோமானிய மதுச்சாடித் துண்டுகளை எடுத்த மண் அது. அடுக்கு கலைந்தால், எந்த ஓடு எந்தக் காலத்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

ஆகவே மல்டி-கேஷாக, அதாவது ஓரிடத்தில் கிடைக்கும் விடைகள் டப்பா இருக்கும் வேறோர் இடத்தைக் காட்டும்படி அமையுங்கள். விடை மேட்டில் கிடைக்கட்டும். டப்பா காக்காயந்தோப்பு ஊர்ப் பக்கம், தோப்புக்காரரிடம் கேட்டுப் பெற்ற மரத்தில் இருக்கட்டும். வேறொரு டப்பாவிலிருந்து 161 மீட்டராவது தள்ளி வைக்க வேண்டும்.

கேள்வியில்தான் பலரும் சறுக்குகிறார்கள். இடிந்துவரும் செங்கல் சுவரின் வரிசைகளை எண்ணச் சொன்னால் அடுத்த மழைக்குப் பின் விடை மாறிவிடும். நிலைத்து நிற்கும் பொருளைக் கேளுங்கள். விடையாக வரும் இலக்கங்களை டப்பாவின் அட்சரேகையில் 11° 53.கசட என்ற வடிவில் பொருத்துங்கள்; க, ச, ட ஒவ்வொன்றும் ஓர் இலக்கம். இதில் ‘ட’ ஒன்று பிசகினால் 2 மீட்டருக்குள்தான் விலகும். ‘ச’ பிசகினால் சுமார் 18 மீட்டர். ‘க’ பிசகினால் 185 மீட்டர், ஆற்றுக்குள்ளேயே கொண்டுபோய் நிறுத்தலாம். தேடுபவர் சரிபார்த்துக்கொள்ள, எல்லா இலக்கங்களின் கூட்டுத்தொகையையும் குறிப்பில் கொடுத்துவிடுங்கள். இலக்கங்கள் இடம் மாறினால் மட்டும் கூட்டுத்தொகை காட்டிக்கொடுக்காது. எந்த எழுத்து எந்தக் கேள்விக்கு என்பதைத் தெளிவாக எழுதுங்கள்.

தென்னை, மா நிழலில் ஜிபிஎஸ் 5 முதல் 10 மீட்டர் வரை தடுமாறும். வேறு வேறு நாளில் நான்கு முறை அளந்து சராசரி எடுங்கள்.

டப்பா: ரப்பர் வளையமும் நாலு பக்கப் பூட்டும் உள்ள அரை லிட்டர் பிளாஸ்டிக். தகரம் உப்புக்காற்றில் துருப்பிடிக்கும். கண்டுபிடித்தவர்கள் பெயர் எழுதும் பதிவுச்சீட்டை ஜிப் கவரில் போட்டு, கூடவே பென்சில் வையுங்கள். ஈரத்தில் பேனா மை பரவும். மிட்டாய் வைத்தால் எறும்பு மொய்க்கும்.

தேடி வருபவர்களுக்கு: பொந்தில் கைவிடாமல் முதலில் குச்சியால் தட்டுங்கள், பாம்பு இருக்கலாம். மழைக்குப் பின் மண்மேல் கண்ணாடி மணிகள் மின்னும். படம் எடுங்கள், மணியைத் தொடாதீர்கள்; பார்க்க ஆசையென்றால் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டுப் பொருட்கள் இருக்கின்றன.

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் வைத்தவர் ஒருமுறை போய்ச் சீட்டை மாற்ற வேண்டும். டப்பா காணாமல் போயிருந்தால், புதியது வைக்கும்வரை அதன் இணையப் பக்கத்தை முடக்கி வையுங்கள்.