சுண்டெலியின் மீசை நரம்பை மூளைத்தண்டு வரை பின்தொடர்வது: டை-ஐ சாய முறை

மீசைமயிர் வேரிலிருந்து வரும் உணர்வு இழைகளின் செல்கள், முகத்தின் உணர்வு நரம்பான டிரைஜெமினலின் நரம்பணுத்திரளில் உள்ளன. அங்கிருந்து மூளைத்தண்டுக்குள் நுழையும் இழைகள் பெரும்பாலும் இரண்டாகக் கிளைக்கும். குட்டையான மேல்கிளை முதன்மை உணர்வு உட்கருவுக்குப் போகிறது (உட்கரு என்பது இங்கே செல்லின் கரு அல்ல, மூளைத்தண்டில் நரம்பணுக்கள் குவிந்த இடம்). நீண்ட கீழ்க்கிளை தண்டுவட உட்கருவின் மூன்று பகுதிகளையும் ஒட்டி மேல்கழுத்து வரை இறங்குகிறது. டை-ஐ கொழுப்பில் கரையும் சாயம், இழையின் சவ்வு வழியே பரவும். அதனால் பதப்படுத்திய திசுவே போதும்.

எல்லாவற்றையும்விட வயது முக்கியம். கிளைப்பைப் பார்க்கக் கருவின் 12 அல்லது 13-ஆம் நாள். முனைகள் உட்கருவுக்குள் பரவுவதைப் பார்க்கப் பிறந்தது முதல் 4 நாள் வரையான குட்டி. இழையைச் சுற்றி மயலின் என்ற கொழுப்பு உறை வந்துவிட்டால் சாயம் நகர்வது அரிது. வளர்ந்த எலியில் இந்த முறையைத் தொடங்காதீர்கள்.

விலங்கு நெறிக் குழுவின் அனுமதியோடு, மயக்கத்தில் இருக்கும் குட்டியின் இதயம் வழியே திசுவைப் பதப்படுத்தும் 4% பாராஃபார்மால்டிஹைடு (0.1 மோலார் பாஸ்பேட் பஃபர், பிஎச் 7.4) செலுத்துங்கள். பிறகு தலையை அதே திரவத்தில் ஒரு நாளாவது ஊறவிடுங்கள். மண்டையோட்டைத் திறந்து முன்மூளையை மட்டும் அகற்றுங்கள். நரம்பணுத்திரள் மண்டையோட்டின் அடித்தளத்தில், இருபுறமும் படிந்திருக்கும். பின்மூளையை மேலே தூக்கவே கூடாது. மூளைத்தண்டின் நடுப்பகுதியான பான்ஸின் ஓரத்தில் நரம்பு வேர் அறுந்துவிட்டால் அந்தத் தலை வீண், பிறகு எத்தனை வாரம் காத்தாலும் சாயம் உள்ளே போகாது.

வடிதாள் முனையால் திரளின் மேற்பரப்பை ஒற்றி எடுத்துவிட்டு, பூச்சி ஊசி முனையில் எடுத்த மிகச் சிறிய படிகத்தைச் செருகுங்கள். ஈரம் இருந்தால் படிகம் மிதந்து போய் வேறிடத்தில் கறை ஏற்படுத்தும். திரளின் முன்-உட்பக்கத்தில் கண், மேல்தாடைக் கிளைகளும், பின்-வெளிப்பக்கத்தில் கீழ்த்தாடைக் கிளையும் உள்ளன. மீசை இழைகள் மேல்தாடைக் கிளையில் வருவதால் முன்பக்கமே சரி. பின்பக்கம் வைத்தால், கூடவே ஓடும், தாடைத் தசைகளை இயக்கும் மோட்டார் வேரும் சாயமேறும். மோட்டார் உட்கருவின் செல்கள் ஒளிர்வதை உணர்வு முனைகள் என்று எண்ணிவிட நேரும்.

படிகத்தை அகரோஸ் கூழால் மூடி, பாராஃபார்மால்டிஹைடிலேயே 37 டிகிரியில், இருட்டில் வையுங்கள். கருவுக்கு ஒன்றிரண்டு வாரம். குட்டிக்குச் சில வாரங்கள். அவசரப்பட்டு வெட்டினால் இழைகள் பாதியில் நின்றதுபோல் தெரியும். அது சாயத்தின் எல்லைதான், நரம்பின் முடிவு அல்ல.

பிறகு மூளைத்தண்டை 3–4% அகரோஸில் பொதித்து, வைப்ரடோமில் (அதிரும் கத்தியால் சீவும் கருவி) 100 மைக்ரான் தடிமனில் வெட்டுங்கள். கிளைப்புக்கு நெடுக்குவெட்டு, உட்கருவுக்குக் குறுக்குவெட்டு. ஆல்கஹால், சைலீன், டிரைட்டான் மூன்றையும் தவிருங்கள், சவ்விலிருந்து சாயத்தைக் கழுவிவிடும். பஃபரிலேயே கண்ணாடியில் ஏற்றி, ஒளிர் நுண்ணோக்கியின் ரோடமின் வடிகட்டியில், வெட்டிய அன்றோ மறுநாளோ படம் எடுங்கள். தாமதித்தால் வெட்டுப்பரப்பில் சாயம் கசிந்து எல்லாம் மங்கும்.

மூளைத்தண்டில் முகத்தின் வரைபடம் தலைகீழானது: கீழ்த்தாடை இழைகள் முதுகுப்புறம், கண் பகுதி வயிற்றுப்புறம், மீசை நடுவில். மாறித் தெரிந்தால் வெட்டைப் புரட்டி வைத்திருக்கிறீர்கள்.

ஒவ்வொரு மீசைமயிருக்கும் உரிய இழைமுனைத் திட்டுகள் முதன்மை உட்கருவிலும் தண்டுவட உட்கருவின் பின்னிரு பகுதிகளிலும் தெரியும். முன்பகுதியில் தேட வேண்டாம். முதல் வாரம் முடிந்த குட்டியில் அவற்றைக் காட்ட, சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் என்ற நொதியின் செயலைக் காட்டும் சாயமே நல்லது. அதற்கு மட்டும் பதப்படுத்தலைக் குறைவாக வையுங்கள்: நீண்ட நேரம் ஊறினால் நொதி செயலிழந்து, திட்டுக்கும் இடைவெளிக்கும் வேறுபாடே இருக்காது.