ஓடூவில பில் முதல்நாள் திகதியில விழுதா? ரைம்சோனை (எந்த ஊர் நேரம் எண்ட செற்றிங்கை) இப்பிடிப் பாருங்கோ

சுன்னாகத்தில பெரியப்பாட மரக்கறி மொத்தக் கடைக்கு ஓடூ (Odoo, பில், கணக்கு எல்லாம் பாக்கிற சொஃப்ட்வெயர்) போட்டுக் குடுத்தது லண்டனில இருக்கிற அண்ணா. அங்க இருந்தே எல்லாம் செற் பண்ணி, ஒவ்வொரு யூசராவும் தானே முதல்தரம் லொகின் பண்ணிப் பாத்துப்போட்டுத்தான் பாஸ்வேர்ட் அனுப்பினவர். ஒக்டோபர் கடைசி மட்டும் ஒரு சிக்கலும் இல்ல, பேந்து திடீரெண்டு விடிய நாலே முக்காலுக்குப் போடுற பில் எல்லாம் முதல்நாள் திகதியில விழத் துவங்கிச்சு, ஒருத்தரும் ஒண்டையும் மாத்தேல்ல.

திகதி தானே எண்டு விடாதேங்கோ. தம்புள்ளயில இருந்து நாளைக்கு எத்தினை மூட்டை கரட் எடுக்கிறது எண்டதை பெரியப்பா நாள்வாரி விற்பனையைப் பாத்துத்தான் முடிவெடுக்கிறவர். சனி விடிய வித்தது வெள்ளிக்குள்ள போய் நிண்டால் கணக்கும் பிழை, கரட்டும் அழுகும்.

முதல்ல பக்கப். டேற்றாபேஸ் மனேஜருக்குப் போய் ஃபைல்ஸ்ரோரும் (ஓடூவில ஏத்தின படம், ஃபைல் எல்லாம் கிடக்கிற ஃபோல்டர்) சேந்த சிப் ஃபைலா எடுங்கோ, இது இல்லாமல் ஒண்டையும் தொடவேண்டாம்.

ரெண்டாவது, பக்கமே திறக்கேல்ல எண்டால் (வழமையா போர்ட் 8069) லொக்கை (ஓடூ தன்ர பிழைகளை எழுதி வைக்கிற ஃபைல்) பாருங்கோ. அதில 'ரோல் டஸ் நொட் எக்ஸிஸ்ட்' எண்டு கிடந்தால் ஓடூவின்ர கொன்ஃபிக் ஃபைல்ல இருக்கிற டேற்றாபேஸ் யூசர் போஸ்ட்கிரெஸில (ஓடூ பாவிக்கிற டேற்றாபேஸ் சொஃப்ட்வெயர்) இல்ல எண்டு அர்த்தம்.

இனித்தான் விசயம். நான் முதல்ல சேர்வரின்ர ரைம்சோனை மாத்தினன், ரெண்டு நாள் போச்சு, ஒரு மாற்றமும் இல்ல. ஏனெண்டால் ஓடூ நேரத்தை எல்லாம் யூரிசியிலதான் (UTC, உலகப் பொது நேரம்) சேமிக்குது, பிறகு அந்தந்த யூசரின்ர ரைம்சோனுக்குத்தான் மாத்திக் காட்டுது, அந்த ரைம்சோனை முதல் லொகின் பண்ணின பிரவுசரில இருந்து அதுவே எடுத்து வச்சிருக்கும். அப்ப எங்கட கடைப் பெடியன்ர யூசருக்கு இருந்தது லண்டன் நேரம்! கோடையில லண்டன் எங்களுக்கு நாலரை மணித்தியாலம் பின்னுக்கு, அதால நாலே முக்கால் அங்க பன்னிரண்டே கால், திகதி அதேதான். ஒக்டோபர் கடைசி ஞாயிறு அவை மணிக்கூட்டைப் பின்னுக்கு வச்ச உடன அஞ்சரை மணித்தியாலமாப் போச்சு, நாலே முக்கால் முதல்நாள் இரவு பதினொண்டே கால் ஆகிட்டுது.

செய்யவேண்டியது இதுதான்: செற்றிங்ஸ், யூசர்ஸ், ஒவ்வொரு ஆளாத் திறந்து ப்ரெஃபரன்ஸ் ரப்பில ரைம்சோனை ஏசியா கொழும்பு எண்டு போடுங்கோ. ஒராளையும் விடாதேங்கோ, அட்மினை மட்டும் மாத்தினால் காணாது. எல்லாரையும் ஒருக்கா லொகவுட் பண்ணி வரச்சொல்லுங்கோ.

பழைய ஓடர்கள் தானாச் சரியாகும், உள்ளுக்க யூரிசி நேரம் சரியாத்தானே கிடக்கு. ஆனா இன்வொய்ஸ் திகதி அப்பிடி இல்ல, அது நேரம் இல்லாத வெறும் திகதி, பிழையாச் சேமிச்சது பிழையாவே இருக்கும். அதுகளை ஒவ்வொண்டா ட்ராஃப்டுக்குத் திருப்பி, திகதியைத் திருத்தி, திரும்ப கன்ஃபோம் பண்ணவேணும். வற் (VAT) வரி கட்டுற கடை எண்டால், 1ஆம் திகதி விடியப் போட்டது போன மாசத்துக்குள்ள விழுந்திருக்கும், முதல் அதுகளைத் தேடுங்கோ. ஏற்கனவே கணக்குக் குடுத்திட்டீங்கள் எண்டால் தொடமுன்னம் உங்கட கணக்காளரோட கதையுங்கோ.

பின்சேர்க்கை: கோப்பாயில இருந்து ஒரு தங்கச்சி, எல்லா யூசரையும் மாத்தியும் தங்கட பேக்கரியில உற்பத்தி நேரம் பிழையா வருது எண்டு கேட்டவா. வேர்க்கிங் ஷெடியூலுக்கு (வேலை நேர அட்டவணை) எண்டு தனி ரைம்சோன் இருக்கு, யூசரில மாத்தினால் அது மாறாது. அதைத் திறந்து பாத்தால் யூரிசி எண்டு கிடந்தது. அதையும் கொழும்புக்கு மாத்தி, பழைய வேலை ஓடர்களைத் திரும்பப் பிளான் பண்ணின பிறகுதான் பாண் போடுற நேரம் சரியா வந்தது.