போறணை அடுப்புக் கம்பி தொய்யாமலிருக்க எந்த ஸ்ரெயின்லெஸ் வாங்குவது?

விறகுப் போறணையின் நெருப்புக்குள் போட்ட ஸ்ரெயின்லெஸ் கம்பி நடுவில் தொங்குகிறதா? அது உருகவில்லை, 304 என்ற சாதாரண ஸ்ரெயின்லெஸ் வகை உருக 1400 பாகை செல்சியஸ் வேண்டும். சுமையோடு நாள் முழுக்கச் சிவக்கக் காய்ந்தால் உலோகம் கொஞ்சம் கொஞ்சமாக இழுபடும். இதைத்தான் க்ரீப் என்பார்கள். சுன்னாகத்தில் எங்கள் போறணைக்குக் கம்பி மாற்றிய ஒழுங்கிலேயே எழுதுகிறேன். வெட்டுவது, அடுக்குவது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

1. க்ரீப்தானா என்று பாருங்கள். ஆறிய கம்பிக்கு மேல் நூல் கட்டி நடுப் பள்ளத்தை அளந்து எழுதி வையுங்கள். 60 சென்ரிமீற்றர் கம்பி 750 பாகையில் ஏறக்குறைய 8 மில்லிமீற்றர் நீளும். முனைகள் செங்கலில் இறுகியிருந்தால் முதல் சூட்டிலேயே வளைந்துவிடும். அதற்கு இடைவெளி விட்டாலே போதும். பள்ளம் வாராவாரம் கூடினால்தான் க்ரீப்.

2. காந்தம் வைத்துப் பாருங்கள். நன்றாக ஒட்டினால் அநேகமாக நிக்கல் சேராத 430 வகை. அதிலும் 16–18% குரோமியம் உண்டு, ஆனால் குரோமியத்தின் வேலை செதில் (சூட்டில் மேலே படியும் துருப் படலம்) உரியாமல் காப்பது. சூட்டில் பாரம் தாங்க நிக்கல் சேர்ந்த வகை வேண்டும். 430 சீக்கிரம் தொய்யும், விடுங்கள்.

3. காபனைப் பாருங்கள். பலரும் சறுக்குவது இங்கேதான். கடைக்கார அண்ணை "எல் போட்டதுதான் நல்ல சாமான்" என்பார். தண்ணித் தாங்கிக்குச் சரி: 304எல்லில் காபன் 0.03%க்கு மேல் இல்லாததால் ஒட்டிய இடம் அரிக்காது. அடுப்புக்கு நேரெதிர். சூட்டில் அந்தக் காபன் குரோமியத்தோடு சேர்ந்து நுண்மணிகளாகி, உலோகத்துக்குள் இருக்கும் சிறு படிகங்கள் ஒன்றோடொன்று சேரும் எல்லைகளை வழுக்காமல் பிடிக்கிறது. 304எச்சில் அதனால்தான் 0.04–0.10%. அமெரிக்கக் கொதிகலன் விதிகளும் 538 பாகைக்கு மேல் 304க்குக் குறைந்தது 0.04% கேட்கின்றன.

இப்போது வரும் கம்பிகள் பலவற்றில் 304, 304எல் இரண்டும் அடித்திருக்கும். அப்படியென்றால் காபன் குறைவுதான். உலோகத்தில் என்ன கலந்திருக்கிறது என்று பார்க்கும் கைக் கருவியான எக்ஸ்ரே துவக்கு காபனைக் காட்டாது. ஆலைச் சான்றிதழைக் கேட்டு, அதிலுள்ள ஹீற் நம்பரும் (எந்த உருக்கில் வார்த்தது என்ற இலக்கம்) கம்பியில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள். சான்றிதழ் இல்லாத கம்பியை நான் வாங்கமாட்டேன்.

4. மற்றச் சேர்க்கைகள். 316இன் 2–3% மொலிப்டினம் தொய்வைக் குறைக்கும், ஆனால் 800 பாகையை நெருங்கினால், அதுவும் காற்றோட்டமில்லாத மூலைகளில், செதில் மோசமாகும். 347இன் நையோபியமும் 321இன் டைட்டேனியமும் காபனைப் பிடித்து நுண்மணிகளாக்கும். 253எம்ஏயில் நைதரசன் பலம் தரும், சீரியமும் சிலிக்கனும் செதிலைப் பிடித்து வைக்கும். கிடைத்தால் என் தேர்வு அதுதான்.

5. கிடைக்காவிட்டால் 310எஸ். குரோமியம் 25%, நிக்கல் 20% அளவில். கம்பியைத் தடிப்பாக எடுத்து, தாங்கிகளை நெருக்கி வையுங்கள். கவனம்: 600–900 பாகையில் நெடுநாள் கிடந்தால் சிக்மா என்ற நொறுங்கும் கட்டம் உருவாகும். ஆறிய பிறகு சுத்தியலால் நிமிர்த்தப் போனால் முறியும், பெரிய குற்றியைத் தூக்கிப் போட்டாலும் அப்படித்தான்.

பிற்சேர்க்கை: 321ஐ எந்த வெல்டிங் கூரால் ஒட்டுவது என்று கேட்டிருந்தார்கள். 347 கூர். டைட்டேனியம் வெல்டிங் மின்வில்லின் சூட்டில் எரிந்துபோகும், நையோபியம் தங்கும். 310எஸ்ஸுக்கு 310 கூரே எடுங்கள்.