கோயில்காட்டின் மரமும் புதரும்: ஆண்டுதோறும் அளந்து பதியும் செய்முறை

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது, கோடியக்கரைக் காட்டிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் ஏராளமான மரங்கள் சாய்ந்தன. அவற்றுள் எவை மீண்டும் துளிர்த்தன, எந்த இடத்தைச் சீமைக்கருவேலம் பிடித்துக்கொண்டது என்பதற்கு, புயலுக்கு முன்பே அளந்து எழுதிவைத்த கணக்கு உள்ள இடத்தில் மட்டுமே உறுதியான விடை கிடைக்கும். அப்படியொரு கணக்கை இனியாவது தொடங்க விரும்புவோருக்கு இக்குறிப்பு.

கோடியக்கரை 1967 முதல் சரணாலயம். அங்கே அளக்க வனத்துறையின் அனுமதி தேவை. ஆகவே தொடக்கநிலையினர் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டு தம் ஊர்க் கோயில்காட்டில் தொடங்குவதே நல்லது.

முதலில் 20 மீட்டர் பக்கமுள்ள சதுரத்தை நைலான் கயிற்றால் அமையுங்கள். இரு மூலைவிட்டங்களும் 28 மீட்டர் 28 சென்டிமீட்டர் வந்தால் சதுரம் சரி. மரக்குச்சி அடித்தால் கரையான் தின்றுவிடும் என்பதால் நான்கு மூலைகளிலும் கருங்கல்லைப் பாதி புதையுமாறு நடுங்கள். கைபேசி காட்டும் இருப்பிடம் சில மீட்டர் விலகக்கூடும். ஆதலால் கோயில் மதிலிலிருந்து முதற்கல் எத்தனை மீட்டர், எந்தத் திசை என்பதையும் எழுதிவையுங்கள்.

அடுத்து, தரையிலிருந்து 130 சென்டிமீட்டர் உயரத்தில், 10 சென்டிமீட்டருக்குக் குறையாத சுற்றளவுள்ள தண்டுகளை அளக்க வேண்டும். முழு வேலையிலும் மிகுந்த கவனம் தேவைப்படும் இடம் இதுவே. சுற்றளவு ஓராண்டில் சில மில்லிமீட்டரே கூடக்கூடும். அளவுநாடா சற்று மேலேறினாலோ சாய்ந்தாலோ அந்த வளர்ச்சி முழுவதும் பிழைக்குள் மறைந்துவிடும். எனவே அளந்த இடத்தில் வண்ணக்கோடு இடுங்கள். அங்கே முடிச்சு இருந்தால் அதற்குச் சற்று மேலே அளந்து, அந்த உயரத்தையும் குறியுங்கள். பல தண்டுகள் கிளைத்த மரத்தில் ஒவ்வொன்றையும் தனித்தனியே அளக்க வேண்டும். சாமி மரத்தில் ஆணி அடிப்பதை ஊர் ஏற்காது. எண் பொறித்த அலுமினியத் தகட்டைத் தளர்வான கயிற்றில் கட்டுங்கள்.

பெயரில் ஐயம் இருந்தால் ஊகித்து எழுதாமல், இலை, பூ, காய் ஆகியவற்றைப் படமெடுத்து வையுங்கள். வெறும் ‘பாலை’ என்று எழுதினால் அது உலக்கைப்பாலையா வெட்பாலையா என்பது பின்னால் வருபவருக்குத் தெரியாது.

களா, காரை, சங்கஞ்செடி போன்ற புதர்களைத் தண்டு தண்டாக எண்ண இயலாது. 20 மீட்டர் நாடாவை நேராக இழுத்துக் கட்டி, ஒவ்வொரு புதரும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று குறியுங்கள். எல்லாம் சேர்ந்து 5 மீட்டரை மறைத்தால் புதர்ப்பரப்பு 25 விழுக்காடு. மரக்கன்றுகளை ஒரு மீட்டர் சதுரங்களில் எண்ணி, ஆடு கடித்தவற்றைத் தனியே எழுதுங்கள்.

வடகிழக்குப் பருவமழையில் தண்டு நீரேறிப் பருத்திருக்கும் என்பதால், சம்பா அறுவடை முடிந்த மாசியிலேயே ஆண்டுதோறும் அளப்பது நல்லது. சென்ற ஆண்டைவிட அளவு குறைந்தால் மறுபடி அளந்து பாருங்கள். அதே அளவு வந்தால் திருத்தாமல் எழுதுங்கள். இறந்த மரத்தையும் ஏட்டிலிருந்து நீக்காமல், நின்றபடி பட்டதா, சாய்ந்ததா, வெட்டப்பட்டதா என்று பதியுங்கள். அதன் எண் வேறெந்த மரத்துக்கும் போகக்கூடாது.