ஆர்-ஸ்கொயர் 0.99 வந்தால் கொஞ்சம் பயப்படுங்கள்

மும்பையில் பொருளாதார ஆய்வு செய்யும் நம் பிள்ளைகளை மாட்டுங்காவில் ஞாயிறு காலை பார்க்கலாம். காபி வரும் முன்பே லேப்டாப் திறந்துவிடும். "சார், 0.99 வந்திருக்கு!" ஆர்-ஸ்கொயரைத்தான் சொல்கிறார்கள்: போட்ட சமன்பாடு தரவோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று 0 முதல் 1 வரை காட்டும் எண். அங்கேதான் பிரச்சினை ஆரம்பம்.

மக்களின் நுகர்வை ஜிடிபியோடு அப்படியே ரிக்ரெஷன் போட்டால், அதாவது ஒன்றைக் கொண்டு மற்றதை விளக்கும் கோடு பொருத்தினால், அவ்வளவு வரத்தான் செய்யும். இரண்டுமே வருஷா வருஷம் ஏறுபவை. ஜிடிபிக்குப் பதில் நாட்டின் மக்கள்தொகையைப் போட்டாலும் பொருத்தம் அழகாகவே இருக்கும். பக்கத்தில் டர்பின்-வாட்சன் (பிழைகள் ஒன்றையொன்று தொடர்கின்றனவா என்று காட்டும் எண்; 2க்கு அருகே இருந்தால் நல்லது) 0.4 என்று நின்றால் சந்தேகப்படுங்கள்; ஆர்-ஸ்கொயர் அதைவிடப் பெரிதாக இருந்தால் உறவே போலியாக இருக்கலாம் என்று பொருளாதார அளவியல் அறிஞர்கள் கிரேஞ்சரும் நியூபோல்டும் 1974இலேயே எச்சரித்தார்கள். யூனிட் ரூட் (தொடர் நிலையான சராசரிக்குத் திரும்பாமல் அலைகிறதா), கோஇன்டிகிரேஷன் (இரு தொடர்களும் நீண்ட காலத்தில் சேர்ந்தே நகர்கின்றனவா) சோதனைகளை முடித்துவிட்டு மேலே போங்கள்.

சரி, சோதனையில் தேறிவிட்டது என்றே வையுங்கள். நம் தனியார் நுகர்வுக் கணக்கு வீடு வீடாகக் கேட்டு எழுதியதல்ல. பெரும்பாலும் உற்பத்தியில் தொடங்கி, இறக்குமதியைக் கூட்டி, ஏற்றுமதி, முதலீடு, அரசு வாங்கியது, வேறு பொருள் செய்யப் போனது எல்லாம் கழித்து வருவது. அதை மறுபடி ஜிடிபியோடு பொருத்தினால், நீங்கள் கண்டுபிடிப்பது குடும்பங்களின் பழக்கமா, புள்ளியியல் துறையின் கழித்தல் கணக்கா? பல ஆய்வேடுகள் இந்தக் கேள்வியைத் தொடுவதே இல்லை.

அடுத்தது ஒட்டுப்போட்ட தொடர், அதாவது பழைய கணக்கையும் புதிய கணக்கையும் இணைத்து நீட்டிய வரிசை. 2015 ஜனவரியில் ஜிடிபியின் அடிப்படை ஆண்டு (எந்த ஆண்டு விலையில் கணக்கிடுகிறோமோ அது) 2004-05இலிருந்து 2011-12க்கு மாறியபோது கணக்கிடும் முறையும் தரவுகளும் சேர்ந்தே மாறின. 2013-14 வளர்ச்சி பழைய கணக்கில் 4.7 சதவீதம், புதியதில் 6.9. ஒரே விகிதத்தால் பெருக்கி ஒட்டினால் அளவு சேரும், முறை சேராது.

வட்டியிலும் இதே கதைதான். 2 லட்ச ரூபாய்க்கு மேற்பட்ட கடனுக்கு வங்கிகளே வட்டியைத் தீர்மானிக்கலாம் என்றானது 1994 அக்டோபரில். அதற்கு முன் மும்பை ஃபோர்ட் பகுதியில் இருந்து ரிசர்வ் வங்கி சொன்னதுதான் வட்டி. 1970 முதல் இன்றுவரை வட்டியின் தாக்கத்தைச் சொல்ல ஒரே கெழு (சமன்பாட்டில் அதைப் பெருக்கும் எண்) போதும் என்பது சோம்பேறித்தனம்.

அப்புறம் கோவிட். 2020 ஏப்ரல்-ஜூன் காலாண்டில் ஜிடிபி 23.9 சதவீதம் சரிந்தது என்பது முதல் மதிப்பீடு. அதற்கு ஒரு டம்மி (அந்தக் காலாண்டுக்கு மட்டும் 1, மற்றவற்றுக்கு 0 என்று வரும் மாறி) போட்டுவிட்டுப் பலர் நகர்ந்துவிடுகிறார்கள். முந்தைய ஆண்டோடு ஒப்பிடும் வளர்ச்சி விகிதம் என்றால், சரிந்த அடித்தளத்தால் 20.1 என்று எகிறிய 2021 ஏப்ரல்-ஜூனுக்கும் தனி டம்மி வேண்டும்.