முத்திரைக்கு முன்னால் பெயரைப் பாருங்கள்: வெளிநாட்டு அட்டஸ்டேஷனில் நெல்லைக்காரர்கள் செய்யும் தவறுகள்

என் தங்கை மகனுக்குத் துபாயில் வேலை. மனைவியைக் கூட்டிப்போகத் திருமணச் சான்றிதழில் மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், தூதரகம் என்று எல்லா அட்டஸ்டேஷன் (சான்றொப்ப) முத்திரையும் வாங்கியாயிற்று. அங்கே கொண்டுபோய் நீட்டியதும் கேட்டார்கள்: பாஸ்போர்ட்டில் இசக்கியம்மாள் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்குகிறது, சான்றிதழில் 'ஐ' என்ற எழுத்தில் தொடங்குகிறது, இரண்டும் ஒரே ஆள்தானா? அதைச் சரிசெய்து மறுபடி முதலிலிருந்து முத்திரை வாங்கி முடிக்க நாலு மாதம் ஆனது. அந்தப் பிள்ளை நாலு மாதமும் பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு ஊரிலேயே காத்திருந்தாள்.

இத்தனை கைகள் தாண்டியும் ஏன் யாரும் சொல்லவில்லை என்று எல்லாரும் கேட்டார்கள். அவர்கள் பார்ப்பது அதை அல்ல. மாநில அரசு, சான்றிதழ் கொடுத்த அலுவலகத்தின் கையெழுத்து உண்மையா என்று பார்க்கிறது. வெளியுறவு அமைச்சகம் மாநில அரசின் கையெழுத்தைப் பார்க்கிறது. தூதரகம் அமைச்சகத்தின் கையெழுத்தைப் பார்க்கிறது. உள்ளே எழுதியிருப்பது சரியா என்பதற்கு இவர்களில் யாரும் பொறுப்பில்லை. சில நாடுகளுக்குத் தூதரக முத்திரைக்குப் பதிலாக வெளியுறவு அமைச்சகமே போட்டுத்தரும் அப்போஸ்டில் முத்திரையும் அப்படித்தான். அதனால் பெயரைச் சரிபார்க்கும் வேலை முழுக்க நம்முடையது.

நம் பக்கத்துப் பெயர்கள் இதில் ரொம்பவே சிக்கும். சுடலைமுத்து ஒரு காகிதத்தில் ஒரே சொல், இன்னொன்றில் இரண்டு சொல். மேலப்பாளையத்திலும் கடையநல்லூரிலும் முகம்மது என்ற பெயருக்கு ஒரே வீட்டில் மூன்று எழுத்துக்கூட்டல் இருக்கும். அப்புறம் இனிஷியல். மார்க் ஷீட்டில் 'எஸ். முருகன்', பாஸ்போர்ட்டில் 'முருகன் சுடலைமுத்து'. நமக்கு இது சாதாரணம். இனிஷியல் என்ற வழக்கமே இல்லாத நாட்டு அதிகாரிக்கு இவர்கள் இரண்டு பேர். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை அடிப்படையாக வைத்துக்கொண்டு, பாஸ்போர்ட்டையும் திருமணச் சான்றிதழையும் அதோடு பொருத்துவதுதான் என் பார்வையில் சுலபமான வழி, ஏனென்றால் மார்க் ஷீட்டைத் திருத்துவதுதான் கடினம். சார்பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்துப் போடும் முன் பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள். பிள்ளைகளின் பிறப்புச் சான்றில் பெயர் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். மருத்துவமனையில் பதிந்தபோது பெயர் வைக்காமல், பிறகு சேர்க்க மறந்த சான்றுகள் நிறைய வீடுகளில் இருக்கின்றன.

அடுத்த தவறு, 'வெளிநாடு' என்று எல்லாவற்றையும் ஒன்றாக நினைப்பது. அப்போஸ்டில் ஒப்பந்தம் 1961-இல் ஹேக் நகரில் உருவானது. இந்தியாவுக்கு அது 2005 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதில் உள்ள நாட்டுக்குப் போகிறவர் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டிலோடு நிறுத்திக்கொள்ளலாம், தூதரகம் தேவையில்லை. ஓமன், பஹ்ரைன் ஏற்கெனவே அதில் உண்டு. சவுதி 2022 டிசம்பரில் வந்தது. பழைய ஞாபகத்தில் இன்னும் சவுதிக்குத் தூதரக ஸ்டாம்பிங் என்று பணம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், கவனம். ஐக்கிய அரபு அமீரகம், கத்தார், குவைத் என்றால் தூதரகம் வரை போக வேண்டும். ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்குப் போகும் பிள்ளைகள் இதை முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும்: ஜெர்மனி அந்த ஒப்பந்தத்தில் இருந்தாலும், இந்தியா சேர்ந்ததை அது ஏற்கவில்லை. அவர்கள் கேட்கும் முறை வேறு. வேலை தருகிறவரிடம் என்ன வேண்டும் என்று எழுத்தில் கேட்டு வாங்காமல் அப்போஸ்டிலுக்குப் பணம் கட்டாதீர்கள்.

பட்டச் சான்றிதழைப் பல்கலைக்கழகம் உண்மை என்று உறுதிசெய்ய வேண்டிவரும். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் தொடங்கியது 1990-இல்தான். அதற்கு முன் பாளையங்கோட்டையில் பட்டம் வாங்கியவர்கள் அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் அபிஷேகப்பட்டிக்குப் போய் நின்று பயனில்லை. அவர்கள் சான்றிதழில் பெரும்பாலும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும். திருநெல்வேலி அண்ணா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் என்று அச்சிட்ட பொறியியல் சான்றிதழ் வைத்திருப்பவர்கள் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தைத்தான் கேட்க வேண்டும், 2012-இல் அது அங்கே இணைந்துவிட்டது. புரொவிஷனல் என்ற தற்காலிகச் சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். பட்டமளிப்புக்கு விண்ணப்பிக்காமலே பத்து வருடம் விட்டவர்கள் பட்டச் சான்றிதழை முதலில் வாங்கட்டும்.

லேமினேஷன். பத்திரமாக இருக்கட்டும் என்று அப்பாமார்கள் ஆசையாய்ப் போட்டுவைத்தது இது. முத்திரை விழுவது காகிதத்தின் மேல். பிளாஸ்டிக்கின் மேல் விழாது. வீட்டில் இஸ்திரிப் பெட்டியை வைத்து உரிக்கப் பார்க்காதீர்கள், எழுத்தும் சேர்ந்து வந்துவிடும். கொடுத்த இடத்தில் டூப்ளிகேட் சான்றிதழ் கேட்பதே நல்லது.

திருமணத்துக்குக் கோயில் ரசீதையோ நிக்காஹ் தப்தர் (பள்ளிவாசல் திருமணப் பதிவேடு) நகலையோ மட்டும் நம்பாதீர்கள். 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் எந்த மதத் திருமணமும் பதிவாக வேண்டும், கல்யாணமான 90 நாளுக்குள். மாப்பிள்ளை லீவு முடிந்து விமானம் ஏறும் முன் பதிந்துவிடுங்கள்.

ஏஜெண்டுகளைப் பற்றி. வெளியுறவு அமைச்சகம் பொதுமக்களிடம் நேரடியாகக் காகிதம் வாங்குவதில்லை, அமைச்சகம் அங்கீகரித்த நிறுவனங்கள் மூலம்தான். அந்தப் பட்டியல் அமைச்சகத்தின் இணையதளத்தில் இருக்கிறது. நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலானவை இடையில் நின்று அனுப்பிவைப்பவை. அதில் தப்பில்லை, ஆனால் எந்த வழியாகப் போகிறது என்று கேளுங்கள். அப்போஸ்டிலுக்கு அரசுக் கட்டணம் 50 ரூபாய்தான், மற்றதெல்லாம் சேவைக் கட்டணம். நோட்டரி கையெழுத்துப் போட்ட ஜெராக்ஸ் மூலச் சான்றிதழுக்கு ஈடாகாது. காகிதம் கையை விட்டுப் போகும் முன் இரு பக்கமும் ஸ்கேன் எடுத்து, என்னென்ன கொடுத்தோம் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

விசாவுக்கான காவல்துறைச் சான்று பாஸ்போர்ட் அலுவலகம் வழியாக வருவது. உள்ளூர் வேலைக்குத் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் எடுக்கும் சரிபார்ப்புச் சான்று அதற்குச் செல்லாது. பாஸ்போர்ட் அலுவலகச் சான்றைக் கடைசியில் எடுங்கள். மற்ற முத்திரைகள் முடிவதற்குள் அது பழசாகிவிட்டால், மறுபடி பாஸ்போர்ட் அலுவலகத்தில் போய் நிற்க வேண்டியதுதான்.